கீபோட்டுக்கு எந்த அடப்டர்: நிலைமாற்றி வகையா, சுவிச்சிங் வகையா?

பிள்ளைகள் பழகும் 12 வோல்ற்று இசைக் கீபோட்டுக்கு மாற்று அடப்டர் வாங்க வேண்டி வந்தபோது, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் உள்ள கடைகளில் இரண்டு வகைகளைக் காட்டினார்கள். ஒன்று, 3 முதல் 12 வோல்ற்று வரை நகர்த்தி மாற்றக்கூடிய, முனையைத் திருப்பிச் செருகக்கூடிய பாரமான நிலைமாற்றி (ட்ரான்ஸ்போமர்) வகை. மற்றது, 12 வோல்ற்று மட்டுமே தரும் பாரமற்ற சுவிச்சிங் வகை. நான் இரண்டாவதை வாங்கினேன். கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அம்பியர் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. கருவி கேட்கும் அளவுக்குச் சமமாகவோ கூடவோ இருந்தாற் போதும், ஏனெனில் கருவி தனக்கு வேண்டிய ஓட்டத்தை மட்டுமே இழுக்கும். வோல்ற்றளவில் அந்தச் சலுகை கிடையாது; கருவி கேட்கும் அளவே வர வேண்டும்.

என் தெரிவைத் தீர்மானித்தது இந்த வோல்ற்றளவுதான். மலிவான நிலைமாற்றி அடப்டர்கள் பலவற்றினுள் ஒரு நிலைமாற்றி, சில இருவாயிகள் (டயோட்), ஒரு கொள்ளளவி (கப்பாசிற்றர்) ஆகியவற்றைத் தவிர வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி எதுவும் இருப்பதில்லை. 12 வோல்ற்று ஆடலோட்டத்தின் (ஏசி) உச்சப் பெறுமானம் ஏறத்தாழ 17 வோல்ற்று. இருவாயிகளில் இழக்கப்படும் 1.4 வோல்ற்றைக் கழித்தாலும், சுமை குறைந்திருக்கும்போது கொள்ளளவி 15 வோல்ற்றைத் தாண்டி ஏறி நிற்கும். மேலும், வீட்டுக்கு வரும் 230 வோல்ற்று கூடிக் குறைந்தால் வெளியீடும் அதே விகிதத்தில் கூடிக் குறையும். மின்சாரமற்ற 90களின் முற்பகுதியில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட எங்கள் ஊரவர்களுக்கு, மிதியின் வேகத்தோடு வோல்ற்றளவும் ஏறும் என்பது நன்றாகத் தெரியும். இந்த அடப்டரின் இயல்பும் அதுவே. சுவிச்சிங் வகையோ தன் வெளியீட்டை இடைவிடாது கவனித்துத் திருத்துவதால், கீபோட் மெதுவாக ஒலித்தாலும் உரத்து ஒலித்தாலும் 12 வோல்ற்றை அண்டியே நிற்கிறது.

மாற்றக்கூடிய தன்மை வசதியாகத் தெரிந்தாலும், பிள்ளைகள் உள்ள வீட்டில் அதையே நான் ஆபத்தாகக் கருதுகிறேன். நகர்த்தியில் ஒரு விரல் பட்டாலே 9 வோல்ற்றுக் கருவிக்கு 12 போய்ச் சேரும். முனைவுத்தன்மையும், அதாவது நடுமுனை நேரா (+) மறையா (−) என்பதும், கருவிக்குக் கருவி வேறுபடும்: கசியோவின் ஏடி-5 அடப்டர் 9 வோல்ற்று, நடுமுனை மறை, யமகாவின் பிஏ-130 அடப்டர் 12 வோல்ற்று, நடுமுனை நேர். வெளிவிட்டம் 5.5 மில்லிமீற்றர் என ஒன்றாக இருந்தாலும் உள்விட்டம் 2.1 அல்லது 2.5 ஆக இருக்கலாம்; 2.1 முள்ளில் 2.5 முனை தளர்ந்து தொடுகை விட்டுவிட்டு வரும்.

நிலைமாற்றி வகைக்கு ஒரு நியாயம் உண்டு. மத்திய அலை வானொலிக்கு அருகில் சில சுவிச்சிங் அடப்டர்கள் இரைச்சலை எழுப்பும். வானொலிக்கு மட்டுமென்றால் வெளியீட்டைச் சீராக வைக்கும் ஒழுங்காக்கி பொருத்திய நிலைமாற்றி அடப்டரையே தேடுவேன். ஆயுளைப் பொறுத்தவரை, நான் வாங்கியது இன்னும் ஒரு மாரியைக்கூடக் காணாததால் உறுதி கூற மாட்டேன்.

எதை வாங்கினாலும், கருவியில் அச்சிட்ட வோல்ற்றளவையும் நடுமுனைக் குறியீட்டையும் அடப்டரின் முகப்புடன் ஒப்பிட்டு, பல்மானியின் (மல்ரிமீற்றர்) சிவப்பு முனையை நடுத்துளையிலும் கறுப்பை வெளிவளையத்திலும் வைத்து அளந்து பாருங்கள். எண்ணுக்கு முன் கழித்தல் குறி தோன்றினால் நடுமுனை மறையாகும். பொருந்தினால் மட்டும், கருவியின் ஆளியை அணைத்த நிலையில் முனையைச் செருகி, அதன் பிறகே சுவர் ஆளியைப் போடுங்கள். மின்வெட்டு வந்தாலோ இடி முழங்கத் தொடங்கினாலோ சுவரிலிருந்தே அடப்டரைக் கழற்றிவிடுங்கள்.