நல்லெண்ணெயிலிருந்து ஆட்டுக் கொழுப்பு வரை: மசில்லோடரோடு நாலு வருஷம்

குழல் வாய் வழியாகக் கருமருந்தையும் குண்டையும் நிரப்பும் பழைய பாணித் துப்பாக்கிதான் மசில்லோடர். அதில் குண்டு பாதிக் குழலில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. லெனேசியாவில் இருக்கும் மச்சானைப் பார்க்க ஜூலை மாதம் போயிருந்தபோது, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மைதானம் ஒன்றில் ஐந்தாவது ரவுண்டில் நடந்தது இது. அதே துப்பாக்கி, குண்டைச் சுற்றும் அதே துணி, அதில் தடவும் அதே எண்ணெய். என் ஊரான டர்பனில் குழலைத் துடைக்காமலே பத்துப் பன்னிரண்டு சுட்டுப் பழகியவன் நான்.

நிப்பிளை (மருந்தைப் பற்றவைக்கும் கேப் உட்காரும் சிறு குமிழ்) கழற்றி, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் விட்டு மருந்தை ஊறவைத்தோம். அப்புறம் கம்பி நுனியில் திருகைப் பூட்டி, ஈயத்தில் இறக்கி, இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கையில் சுட்டால் குழல் உப்பலாம், வெடிக்கவும் செய்யலாம். அதனால்தான் ராம்ராடில், அதாவது குண்டை உள்ளே தள்ளும் நீளக் கோலில், குண்டு உட்காரும் ஆழத்துக்கு ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். கோடு குழல் வாய்க்கு வரவில்லையென்றால் சுடுவதில்லை.

காரணம் எளிது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்தக் கரி காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம் உடையது. டர்பன் கடல்காற்றில் அது கூழாக இளகிக் கிடக்கும். ஜோகன்னஸ்பர்க் மேட்டு நிலத்துக் குளிர்கால வறட்சியில் ஓடு மாதிரி இறுகிவிடும். முதல் வருஷம் முழுக்க நான் எண்ணெயைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். வேலை செய்தது ஊர்க்காற்று.

என் துப்பாக்கி 0.50 அங்குலக் குழல், 0.490 குண்டு, 65 கிரெயின் (சுமார் 4 கிராம்) மருந்து. (தென்னாப்பிரிக்காவில் இந்த வகைக்கு லைசென்ஸ் வேண்டாம், தகுதிச் சான்றிதழ் மட்டும் கட்டாயம்.) குண்டைச் சுற்றும் துணி நூறு சதவீதம் பருத்தியாக இருக்க வேண்டும். வாங்கும்போது ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். சாம்பலானால் பருத்தி, உருண்டையாகச் சுருண்டால் பாலியஸ்டர், குழலுக்குள் உருகி ஒட்டும். பழைய வேட்டியைக் கிழித்துப் பார்த்தேன். சுகமாக இறங்கியது, ஆனால் 50 மீட்டரில் குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. மெத்தையுறைத் துணி 0.015 அங்குலத் தடிமன். கட்டைவிரலால் அழுத்தினால் இறங்காது, குட்டைத் தள்ளுகோலில் ஒரு தட்டு வேண்டும். ஆனாலும் குறி நிற்கிறது. எளிதாக இறங்குவதே நல்லது என்று நினைத்ததுதான் என் முதல் தப்பு.

எண்ணெய்க் கதைக்கு வருவோம். நல்லெண்ணெய் வாரக்கணக்கில் துணியில் இருந்தால் பிசுக்காகிவிடும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். டர்பன் வெயிலில் டப்பாவை விட்டு ஒழுகும், லெனேசியா காலையில் கல்லாக இருக்கும். கடையில் வாங்கிய ஒரு டியூப் பசை, பெயர் வேண்டாம், மூன்றாவது ரவுண்டிலேயே குழல் அடியில் தார் மாதிரி வளையம் கட்டியது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணிதான் எல்லாவற்றிலும் லேசாக இறங்கும், கரியையும் கூடவே கழுவும். ஆனால் உடனே சுட வேண்டும். வேட்டைக்காரர் போலக் காலையில் நிரப்பி மாலை வரை காத்திருந்தால் மருந்து நனையும், குழல் துருப்பிடிக்கும்.

இப்போது நிலைத்திருப்பது ஆட்டுக் கொழுப்பு மூன்று பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, கொஞ்சம் விளக்கெண்ணெய். குளிர்காலத்துக்கு மெழுகைக் குறைத்து விளக்கெண்ணெயைக் கூட்டுவேன். இளஞ்சூட்டில் உருக்கித் துணியைத் தோய்த்து, வழித்து எடுத்துவிட வேண்டும். சொட்டச் சொட்ட விட்டால் மருந்தில் இறங்கி வேகத்தைக் கெடுக்கும். டப்பாவை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. மாமியார் ஒருநாள் நெய் என்று நினைத்துக் கரண்டியோடு வந்துவிட்டார்.

சுட்ட துணியைப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் போய்ப் பொறுக்கிப் பார்ப்பது என் பழக்கம். ஓரம் பிய்ந்திருந்தால் கவலையில்லை. நடுவில் கருகி ஓட்டை விழுந்தால் எண்ணெய் போதவில்லை. கத்தியால் கீறியது போல் இருந்தால் குழல் வாய் விளிம்பு கூர்மை. எனக்கு அப்படித்தான் இருந்தது. நைஸ் உப்புத்தாளைக் கட்டைவிரலில் வைத்து ஒரு மாலை முழுக்கத் திருகித் தேய்த்தேன்.

போன ஜூலையில் மறுபடியும் லெனேசியா. ஒவ்வொரு ரவுண்டுக்கும் இடையில் ஈரத்துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று. இருபது குண்டும் ஒரே அழுத்தத்தில் இறங்கின. மச்சானுக்குத்தான் பொறுமை இல்லை, "சுடுறதை விடத் துடைக்கிறதுதான் அதிகம்" என்று பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பை மூட்டப் போய்விட்டார்.