எஸ்.பி.ஆர். கலவை, ஐந்து மழைக்காலத்துக்குப் பிறகு: ஒட்டு அசையவில்லை, பக்கம்தான் வெடிக்கிறது

சிமெண்டில் கலக்கும் செயற்கை ரப்பர் பாலான எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் விலை இறங்கியிருக்கிறது, பெசன்ட் நகர் வீட்டு சன்ஷேடுக்கு 20 லிட்டர் கேனாக எடுத்துவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. திருவான்மியூரில், கடலுக்கு அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில் அதே சாமானைப் போட்டு ஐந்து வடகிழக்குப் பருவமழை பார்த்தாயிற்று. காரை பெயர்ந்த மூன்று சன்ஷேடுகளின் அடிப்பக்கத்திலும் ஒரு பால்கனி விளிம்பிலும் ஒட்டு, போர்டிகோ தரைக்கு மேல்பூச்சு, இவ்வளவுதான் வேலை.

முதலில் சேர வேண்டிய பாராட்டு. சுத்தியலின் பின்பக்கத்தால் ஒட்டுப் போட்ட இடங்களைத் தட்டினால் இன்றைக்கும் "டங்" என்றுதான் கேட்கிறது. ஒரு இடத்தில்கூடப் பொள்ளல் இல்லை. ஐந்து வருடம் உப்புக்காற்றில் நின்ற சிமெண்ட் வேலைக்கு இது பெரிய விஷயம். ஆனால் சுத்தியலை ஒட்டின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை நகர்த்துங்கள். "பொத்பொத்". மூன்றில் இரண்டு சன்ஷேடில் இதே கதைதான். பழைய கான்கிரீட்டில், புது ஒட்டின் விளிம்பையொட்டியே, கம்பி ஓடும் திசையில் முடி அளவு வெடிப்பு. அதன் வாயில் பழுப்புக் கறை. மூன்றாவது மழை முடிந்ததும் தெரிய ஆரம்பித்தது.

இதைப் பார்த்தால் கொத்தனாரைத்தான் திட்டத் தோன்றும். சரியாகக் கொத்திவிடவில்லை, கலவை சரியில்லை என்று. தப்பு அங்கே இல்லை. ஒட்டு ஒழுங்காக வேலை செய்ததால்தான் பக்கத்து இடம் கெட்டது. இந்த ஒரு விஷயத்தை விற்கிறவர்களும் சொல்வதில்லை, வேலை எடுக்கிறவர்களும் சொல்வதில்லை. அதில்தான் எனக்கு ஆத்திரம்.

துருப்பிடிக்கும் கம்பி ஒரு பேட்டரி. கரைகிற இடம் ஆனோடு. அதே கம்பியில் கொஞ்சம் தள்ளி நல்லபடியாக இருக்கிற இடம் கேத்தோடு. ஆனோடு கரைந்துகொண்டிருக்கிற வரைக்கும் கேத்தோடுக்குப் பாதுகாப்பு. காரை பெயர்ந்த இடத்தை வெட்டியெடுத்து, கம்பியைத் தேய்த்து, உப்பில்லாத, காரத்தன்மை மிகுந்த புதுக் கலவையை வைக்கிறோம். அந்த இடம் உடனே கேத்தோடாகிவிடும். ஓரத்துக்கு அப்பால் இருக்கும் பழைய கான்கிரீட்டிலோ முப்பது வருடக் கடற்காற்று இறக்கிய உப்பு அப்படியே இருக்கிறது. இதுவரை பாதுகாப்பில் இருந்த கம்பி அங்கே இப்போது ஆனோடாக மாறிக் கரையத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை இடம் கேட்கும். மேலே இருக்கிற 15 மில்லிமீட்டர் காரை அதைத் தாங்காது.

சன்ஷேடில் இது இன்னும் மோசம். அது சுவரிலிருந்து நீட்டிய பலகை, எனவே முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். அடியில் காரை விழுந்து கம்பி தெரிகிறது என்றால், கான்கிரீட் போட்ட அன்றே யாரோ மிதித்து மேல்கம்பி கீழே இறங்கிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். மேலே ஓரிடத்தில் கொத்திப் பார்த்துவிட்டு அப்புறம் அடிப்பக்கத்தைத் தொடலாம். மேலே கம்பியே இல்லாத சன்ஷேடுக்கு அடியில் எவ்வளவு நல்ல ஒட்டுப் போட்டாலும் அது விழக்கூடிய சன்ஷேடுதான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 கடற்கரைக் காற்றுக்குத் திறந்திருக்கும் கான்கிரீட்டைக் 'கடுமை' வகுப்பில் வைத்து எம்30 என்ற வலிமைத் தரமும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மறைப்பும் கேட்கிறது. நம் சன்ஷேடுகள் மொத்தமே 75 மில்லிமீட்டர் கனம், விளிம்பில் 50தான்.

இனி வேலை முறை. கேட்ட நண்பருக்குப் பயன்படும் என்பதால் அளவோடு சொல்கிறேன்.

கொத்தும்போது கம்பியின் அடிப்பாதியோடு நிறுத்தக் கூடாது. கம்பிக்குப் பின்னால் 20 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், விரல் சுற்றிவர வேண்டும். நீளவாக்கில், துரு முடிந்து பளிச்சென்ற கம்பி தெரிந்த பிறகும் ஒரு சாண் அளவுக்காவது தாண்டிப் போங்கள். ஓரத்தைக் கிரைண்டரால் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நேராக வெட்டுங்கள். தேய்ந்து மெலிந்துபோகும் ஓரம் எந்தக் கலவையானாலும் நிற்காது. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில் கால் பங்குக்கு மேல் போயிருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். 8 மில்லிமீட்டர் கம்பிக்கு இரண்டு பக்கமும் 400 மில்லிமீட்டர் ஒட்டிப் போனால் நல்லது.

ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. கடையில் கிடைக்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளோரைடை வெளியேற்றப் போராடும் இடத்தில் நாமே குளோரைடை ஊற்றுகிற வேலை அது. கம்பி பிரஷ், முடிந்தால் மணல் பீய்ச்சல், பிறகு நல்ல தண்ணீர். போர்த்தண்ணீர் நாக்கில் கரித்தால் கழுவவும் வேண்டாம், கலக்கவும் வேண்டாம். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அதே ஐ.எஸ். 456 சொல்லும் வரம்பு. தேய்த்த கம்பியை இரவு முழுக்கத் திறந்து போடவும் கூடாது. காலையில் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு படிந்திருக்கும், கான்கிரீட் மேலும் உப்புப் படலம் இறங்கியிருக்கும். தேய்த்த அன்றே துத்தநாக பிரைமர், அது காய்ந்ததும் கலவை.

பிணைப்புப் பூச்சைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், பாதி வேலைகள் கெடுவது இங்கேதான். லேடெக்ஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, சிமெண்ட் சுமார் மூன்று பங்கு. குழம்பு பதத்தில் கலக்கிப் பிரஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தயாரிப்புக்குத் தயாரிப்பு விகிதம் மாறும், கேனில் எழுதியிருப்பதே கணக்கு. அடியிலிருக்கும் கான்கிரீட் முந்தின நாளே தண்ணீர் குடித்திருக்க வேண்டும். மேலே தண்ணீர் மினுமினுக்கவும் கூடாது. கை வைத்தால் ஜில்லென்று இருக்கணும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது.

இந்தப் பால் ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேல்கலவை ஏற வேண்டும். காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கிற ஊர், மெதுவாகத்தான் காயும் என்று நினைப்போம். ஏப்ரல், மே மாதத்தில் மதியம் கடற்காற்று இறங்கியதும் பத்தே நிமிடத்தில் தோல் கட்டிவிடும். விரலை வைத்து எடுங்கள். ஒட்டினால் சரி. வழுக்கலாக, பாலாடை மாதிரி இருந்தால் அந்தப் பூச்சு செத்தது. காய்ந்த லேடெக்ஸ் ஒரு பிளாஸ்டிக் தாள், பிடிக்க வைத்த சாமானே பிரித்துவிடும். "மேலயே இன்னொரு கோட் அடிச்சிடலாம் சார்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். தேய்த்தெடுத்துவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும். ஒரு முழத்துக்கு ஒரு முழமாக அடித்து, ஒருவர் பிரஷ், ஒருவர் கரணை என்று பின்னாலேயே போனால் பிரச்சினை இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் நடுவரை காலை நேரம்தான் எனக்குச் சரிப்பட்டது. ஜனவரியில் பனி ஈரம் காயும்வரை மட்டும் பொறுக்க வேண்டும்.

கலவைக்கு 5 கிலோ சிமெண்ட், 15 கிலோ சலித்த எம்-சாண்ட், ஒரு லிட்டர் லேடெக்ஸ். தண்ணீர் ஒன்றேகால் லிட்டருக்குள், மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைவு. இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் அடித்துக் கலக்காதீர்கள். லேடெக்ஸ் நுரை கட்டும், நுரை உள்ளே காற்றாக நின்றுவிடும். அரை மணியில் தீருகிற அளவுதான் கலக்க வேண்டும். இறுகியதில் தண்ணீர் தெளித்து இளக்குகிற பழக்கம் இதில் ஆகாது. அண்ணாந்து பூசும் இடத்தில் ஒரு தடவைக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர். மேற்பரப்பைக் கீறிவிட்டு, இறுகியதும் அடுத்தது.

தண்ணீர் விடுவதிலும் நம் பழக்கம் இங்கே எதிராக வேலை செய்கிறது. சாதா சிமெண்டுக்கு ஏழு நாள் நனைப்போம். இதற்கு ஒரு நாள், அதிகமானால் இரண்டு நாள் ஈரச் சாக்கு, பிறகு காய விட வேண்டும். காய்ந்தால்தான் லேடெக்ஸ் உள்ளே படலமாகும். கொத்தனாரிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார், நாமே நின்று வாளியை எடுத்து வைக்க வேண்டும். கடைசியாக, சன்ஷேடின் அடியில் விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி ஒரு காடி இழுத்துவிடுங்கள். மழைத்தண்ணீர் அடிப்பக்கமாக ஓடி வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்த ஒட்டுதான் இன்றும் "டங்" என்கிறது. இவ்வளவும் செய்தபிறகுதான் பக்கத்தில் வெடித்தது. கெடாத மூன்றாவது சன்ஷேடில் ஒரே ஒரு வித்தியாசம்: அதில் கம்பியோடு துத்தநாக வில்லைகள் கட்டியிருந்தது. ஒட்டின் ஓரத்தையொட்டி, ஏறக்குறைய 500 மில்லிமீட்டருக்கு ஒன்று. கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும். வில்லையின் கட்டுக்கம்பி தொடும் இடத்தில் பிரைமர் இருக்கக் கூடாது, இரும்பும் இரும்பும் நேராகத் தொட வேண்டும். ஒரே ஒரு சன்ஷேடை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் காரணம் பொருந்துகிறது. வில்லையும் ஒருநாள் கரைந்து தீரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போர்டிகோவுக்கு வருவோம். அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. தரையில் படுத்த கான்கிரீட், கம்பியே இல்லை, எனவே பேட்டரிக் கதைக்கு வேலையில்லை. சிமெண்ட் பால் மேலே படிந்து பொடி உதிர்ந்துகொண்டிருந்த மேல்தோலைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, அதே கலவையில் கொஞ்சம் பருமணலாகச் சேர்த்து 15 மில்லிமீட்டர் கனம். பழைய தரையில் வெடிப்பு ஓடிய இடத்துக்கு நேர்மேலே புதுத் தரையிலும் வெட்டுக்கோடு போட்டாயிற்று. போடாவிட்டால் அது தானே வெடித்துத் தன் கோட்டை வரைந்துகொள்ளும். ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே ஒரு இழுப்பு, வண்டி வழுக்காது. ஏழு நாள் கழித்துக் கார் ஏறியது. நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங் திருப்பினாலும் டயரில் பொடி ஒட்டுவதில்லை. ஐந்து வருடமாகத் தினமும் காலையில் பெருக்கும்போது அந்தச் சாம்பல் பொடி இல்லாதது எவ்வளவு நிம்மதி என்று சொல்லி மாளாது. இதன் மேல் எபாக்ஸி பெயின்ட் அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளிக்கும். ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள், அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

ஆக, சாமான் நல்லது. ஒட்டும் திறனில் இதற்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன். அப்படியும் நண்பருக்கு என் பதில்: சன்ஷேடுக்கு வாங்காதீர்கள். விலை பாதியானாலும் வேண்டாம். முதலில், புதிதாக உடைத்த கான்கிரீட் பரப்பில் பினாஃப்தலீன் கரைசல் தெளித்துப் பாருங்கள். காரத்தன்மை போய் ரோஸ் நிறம் ஏறாத ஆழம் கம்பிவரைக்கும் போயிருந்தாலோ, துளையிட்டு எடுத்த பொடியைச் சோதித்து, கம்பி இருக்கும் ஆழத்தில் குளோரைடு அதிகம் என்று வந்தாலோ, திட்டுத் திட்டாக ஒட்டுப் போடுவது வெடிப்பை ஒரு முழம் நகர்த்தி வைக்கிற செலவுதான். முழு நீளத்துக்கும் உடைத்துவிட்டு, கம்பியை மேலே ஏற்றிக் கட்டி, மறைப்பு கிடைக்கும் கனத்தில் எம்30 போட்டு வார்த்துவிடுங்கள். சுவருக்குள் பிடிமானம் எப்படி எடுப்பது என்பதை மட்டும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போர்டிகோ கெட்டிருந்தால் 5 லிட்டர் கேனாக வாங்குங்கள், 20 வேண்டாம். திறந்த கேன் இந்த வெயிலில் மூலையில் கிடந்தால் அடியில் தயிர் மாதிரி திரிந்துவிடும், திரிந்தது எதற்கும் ஆகாது. இங்கே வெடித்த இரண்டு சன்ஷேடும் மழை விட்டதும் ஜனவரியில் இறங்குகின்றன, நல்ல ஒட்டுகளையும் சேர்த்துத்தான்.