சிஜி வேலை கொடுப்பதற்கு முன், என்ன ஃபைல் தருவார்கள் என்று கேளுங்கள்

சென்னையில் டிராம் 1953-ல் நின்றுபோனது. என் குறும்படம் அதற்கு முந்தைய காலத்துக் கதை. மண்ணடியில் எடுத்த காட்சிகளுக்குள் டிராமை சிஜியில் (கம்ப்யூட்டர் கிராபிக்ஸில்) கொண்டுவரச் சொல்லி, சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோவிடம் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தேன்.

படப்பிடிப்பின்போதே, குரோம் உருண்டை வைத்து அந்த இடத்து வெளிச்சத்தைப் பதிவு செய்ய ஆள் அனுப்புங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாம் சார், பாத்துக்கலாம்" என்றார்கள். பார்த்துக்கொண்ட லட்சணம்: தெருவில் நடப்பவர்களின் நிழல் இடப்பக்கம் விழுகிறது, டிராமின் நிழல் வலப்பக்கம்!

அதைக்கூடச் சரிசெய்ய வைக்கலாம். பெரிய அடி கலரில், அதாவது கடைசியில் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வேலையில்தான். நாங்கள் லாக் (log) என்ற கேமரா முறையில் எடுத்திருந்தோம். பார்க்க வெளிறித்தான் இருக்கும், ஆனால் நிழலிலும் வெயிலிலும் உள்ள விவரமெல்லாம் அதில் பத்திரமாக இருக்கும். அதை லீனியருக்கு, அதாவது வெளிச்சத்தின் நிஜ அளவுகளுக்கு மாற்றி, டிராமைச் சேர்த்து, கலர் எதுவும் செய்யாமல் திருப்பித் தருவதுதான் முறை. இவர்கள் முதலிலேயே, சாதாரண டிவிக்கான நிறத்துக்கு மாற்றும் ரெக் 709 லட் ஒன்றைப் போட்டு, கான்ட்ராஸ்ட் ஏற்றி, அதன்மேல் டிராமை ஒட்டி, 8 பிட் எம்பி4 ஆகக் கொடுத்துவிட்டார்கள். 8 பிட் என்றால் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். கலரிஸ்ட் லேசாக இழுத்ததுமே வானம் பட்டை பட்டையாகப் பிரிந்தது.

ஒப்புதல் வாங்கியதெல்லாம் வாட்ஸ்அப்பில். அது வீடியோவை நசுக்குவதில் கிரெயின் (படத்தில் ஓடும் பொடிப் புள்ளிகள்) காணாமல் போய்விடும், எல்லாம் ஒட்டின மாதிரியே தெரியும். பெரிய திரையில் போட்டால் சுவரில் கிரெயின் ஓடுகிறது, டிராம் மட்டும் வழவழவென்று நிற்கிறது. தெருவின் இருண்ட மூலையைவிட டிராமின் சக்கரம் கறுப்பு. கேட்டால், "கலர்ல மேட்ச் ஆயிடும் சார்." ஆகாது. மொத்தக் காட்சிக்கும் கான்ட்ராஸ்ட் கூட்டினால் அந்தக் கறுப்பு இன்னும் துருத்திக்கொண்டு வரும்.

கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்: 16 பிட் இஎக்ஸ்ஆர் (விவரம் குறையாமல் வைக்கும் ஃபைல் வகை), கலர் செய்யாத ஃபிரேம்கள், சிஜி பொருளுக்குத் தனி மேட் (அதை மட்டும் பிரித்துக் காட்டும் கறுப்பு-வெள்ளைப் படம்), நிழல் தனி லேயர். ஒரு ஷாட்டை முழுசாக முடித்துக் காட்டச் சொல்லி, கலரிஸ்டின் மானிட்டரில் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

அந்த ஸ்டுடியோவிடம் இஎக்ஸ்ஆர் ஃபைல் வேண்டுமென்றால் மீதிப் பணத்தோடு தனிக் கட்டணமும் கட்ட வேண்டுமாம். டிராம் வரும் காட்சிகளை இப்போது வேறு இடத்தில் முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறோம்.