வேட்டங்குடியா, ஊர்க் கண்மாயா, குருவிப்பெட்டியா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பறவைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று நாலு பேர் கூடினால் நாலு யோசனை வரும். வேன் பிடித்துப் பிள்ளைகளை வேட்டங்குடி சரணாலயத்துக்குக் கூட்டிப் போவோம் என்பார் ஒருவர். சிட்டுக்குருவி கூடு கட்ட வீட்டுக்கு வீடு குருவிப்பெட்டி கொடுப்போம் என்பார் அடுத்தவர். கண்மாய் முழுக்கச் சீமைக் கருவேலத்தை வைத்துக்கொண்டு இதெல்லாம் என்ன பேச்சு, ஜேசிபியைக் கொண்டுவாருங்கள் என்பார் மூன்றாமவர். ஓரமாக உட்கார்ந்திருப்பவர், பொங்கல் லீவில் நம் கண்மாயில் என்னென்ன பறவை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாமே என்று மெதுவாகச் சொல்வார். அவர் பேச்சு பெரும்பாலும் எடுபடாது. இருக்கிற ஆளும் காசும் ஞாயிற்றுக்கிழமையும் நாலுக்கும் போதாது என்பதால், எது முதலில் என்று பார்த்தாக வேண்டியிருக்கிறது.

நான் அந்த ஓரத்து ஆளின் கட்சி. மற்ற மூன்றும் வேண்டாம் என்றில்லை. எண்ணிக்கை இல்லாமல் அவை பாதி குருட்டு வேலையாகப் போய்விடுகின்றன.

கண்ணுக்கு நிறைவு என்று பார்த்தால் வேட்டங்குடியை எதுவும் மிஞ்ச முடியாது. திருப்பத்தூரைத் தாண்டி மதுரை சாலையில், கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கண்மாய்கள் சேர்ந்து 38.4 ஹெக்டேர், 1977-இல் சரணாலயமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நின்றுவிட்டால் நத்தைகொத்தி நாரை, சாம்பல் நாரை, இராக்கொக்கு, நீர்க்காகம், கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டி, மாசி வரை குஞ்சும் கூச்சலுமாக இருக்கும். புதிதாகப் பறவை பார்க்க வருகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பெரிய உருவம், ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், பைனாகுலரைச் சரிசெய்யும் வரை ஓடிப் போகாது. சிட்டுக்குருவி அளவுள்ள ஒன்றை இலைக்குள் தேடிக் கழுத்து வலிக்கிற முதல் நாள் அனுபவத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அங்கே பாதுகாப்பு வேலை பார்க்கிறவர்கள் நாம் இல்லை, கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள். கூட்டில் இருக்கும் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாமல் பல்லாண்டுகளாக இருக்கிறார்கள். அதற்காக வனத்துறை இனிப்பு கொடுத்து வருகிறது. ஊர் கூடி எடுத்த முடிவு அது. வேனில் போய் இறங்கி, பார்த்து, சாப்பிட்டுத் திரும்புகிற நாம் அதில் விருந்தாளிகள் மட்டுமே. விருந்தாளிக்கும் ஒழுங்கு உண்டு: இருபது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் போக வேண்டாம், விடிந்ததும் போய் வெயில் ஏறும் முன் கிளம்பிவிடலாம், கரையை விட்டு இறங்கவே கூடாது. தாய்ப்பறவை மிரண்டு எழுந்தால் அந்த இடைவெளியில் காகம் முட்டையைத் தூக்கிவிடும். வெயிலில் குஞ்சு வாடும். இன்னொன்று, தை 3 அன்று சிராவயல் மஞ்சுவிரட்டு. பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் போகிற சாலையில் அன்றைக்கு வேன் நகராது. மழை பொய்த்த வருஷம் கண்மாயே காய்ந்து கிடக்கும், வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்து ஆள் யாரையாவது விசாரித்துக்கொள்ளுங்கள்.

குருவிப்பெட்டிக்கு வருவோம். இதில் ஒரு வசதி, மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளுக்கு மேடை போட்டுக் கொடுத்தால் போட்டோ நன்றாக வரும். கிண்டல் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பெட்டியின் பலன் பெட்டிக்குள் இல்லை. குருவி தானியம் தின்னும், சரி. குஞ்சுக்கு ஊட்டுவது புழுவும் பூச்சியும். வாசல் முழுக்க சிமெண்ட் தளம் போட்டு, செடிக்கெல்லாம் மருந்தடித்துவிட்டு, சுவரில் பெட்டி மாட்டினால் அது காலியாகத்தான் தொங்கும். 2020-இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. செல்போன் டவர்தான் காரணம் என்று நாம் சொல்லித் திரிவதற்கு ஆதாரம் கிடையாது.

செட்டிநாட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாட்டு ஓட்டுக் கூரை, தாழ்வாரத்து உத்தரம், தூண் தலைப்பில் உள்ள இடுக்கு எல்லாம் குருவிக்குத் தானாக அமைந்த பெட்டிகள். பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது ஓட்டு விளிம்பைச் சிமெண்டால் அடைப்பதும், முற்றத்துக்கு மேலே சன்னக் கண்ணி வலை போடுவதும் ஒரே வாரத்தில் அத்தனையையும் பறித்துவிடும். குரங்குக்காகவும் திருட்டுக்காகவும் போடுகிற கம்பி தப்பில்லை, குருவி அதில் நுழைந்து போகும். சன்னக் கண்ணிதான் அடைத்துவிடுகிறது. நூறு பெட்டி வாங்குகிற காசுக்குப் பதில், வேலை நடக்கும் பத்து வீட்டுக்காரர்களிடம் போய், கூடு இருக்கிற இடத்தை மட்டும் குஞ்சு பறந்த பிறகு அடையுங்கள் என்று கேட்கலாம். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் கூகை இருந்தால் அபசகுனம் என்று விரட்டாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லலாம். எலியை அது பார்த்துக்கொள்ளும். இதே சிவகங்கை மாவட்டத்தில், பொத்தகுடியில், 2020-இல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் சின்னப் பறவை ஒன்று கூடு வைத்தது என்று ஊரே ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கைப் போடாமல் இருந்தது. யாரும் பெட்டி வாங்கிக் கொடுக்கவில்லை.

புதுக் காலனியில், இடுக்கே இல்லாத மாடி வீட்டில் பெட்டி உதவும். வாசல் துளை 32 மில்லிமீட்டர் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் மைனா நுழைந்துவிடும். எட்டடி உயரத்துக்கு மேல், நேர் வெயில் படாத சுவரில், மின்விசிறிக்குத் தள்ளி மாட்டுங்கள். தெருவில் குருவியே இல்லை என்றால் பெட்டிக்குக் குருவி எங்கிருந்து வரும் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

கருவேலம் வெட்டுவதில்தான் உண்மையான சிக்கல். சீமைக் கருவேலம் கண்மாயை மூடுகிறது, வரத்துக்காலை அடைக்கிறது. எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வேரோடு எடுக்காவிட்டால் திரும்பத் துளிர்க்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் கண்மாய்கள் பலவற்றில் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட நாட்டுக் கருவேலமும் நிற்கிறது. இரண்டும் முள் மரம், ஜேசிபி ஓட்டுகிற தம்பிக்கு இரண்டும் ஒன்றுதான். நாட்டுக் கருவேலத்தில் மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்த மாதிரி இடையிடையே ஒடுங்கிய காய், கறுத்த பட்டை. சீமையில் வால் போல நீண்ட வெளிர்ப் பூங்கொத்து, நேரான காய். சாயத் துணியைக் கட்டி நாட்டு மரத்தை முதலிலேயே அடையாளம் வைத்துவிட வேண்டும்.

அதோடு முடியவில்லை. வேறு மரம் இல்லாத கண்மாயில் கொக்கும் இராக்கொக்கும் சீமைக் கருவேலத்திலேயே கூடு வைக்கும், அந்நிய மரம் என்று அவை பார்ப்பதில்லை. நடுக் கண்மாயில் தண்ணீர் சூழ்ந்து நிற்கும் மரம் அவற்றுக்குக் கோட்டை. நாயும் பூனையும் அங்கே எட்டாது. அதைத் தை, மாசியில் சாய்த்தால் ஒரு பருவத்துக் குஞ்சும் போச்சு. வைகாசிக்கு மேல், கண்மாய் வற்றி கூடுகள் காலியான பிறகு, கரையோரத்திலிருந்து தொடங்கி, நடுவில் ஒரு மரத் திட்டை விட்டுவைத்து, நாட்டு மரம் அங்கே வளர்ந்த பிறகு அந்தத் திட்டையும் எடுக்கலாம். கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறதோ அந்த அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குவது தனி வேலை, தவிர்க்க முடியாது.

எந்தத் திட்டை விடுவது? எதில் போன வருஷம் கூடு இருந்தது? கூட்டத்தில் இப்படிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எழுதி வைத்த கணக்கு ஒருவரிடமும் இருக்காது. எண்ணுவது முதல் வேலை என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிய நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. பிப்ரவரி நடுவில், வெள்ளி முதல் திங்கள் வரை, உலகம் முழுதும் நடக்கும் கணக்கெடுப்பும் உண்டு. அழகப்பா பல்கலைக்கழகம் போன்ற பெரிய வளாகங்களுக்கு அது தோதானது. வழிமுறை எளிது: ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணால் கண்டதும் காதால் கேட்டதுமாகத் தெரிந்த எல்லாப் பறவையையும் எத்தனை என்று குறிப்பது, அப்புறம் ஈபேர்ட் செயலியில் ஏற்றுவது. ஈபேர்ட் (eBird) என்பது பறவைக் கணக்கைச் சேர்த்துவைக்கும் இணையதளம், அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கியது, காசு கிடையாது. பெயர் தெரியாததை ஊகித்து எழுதக் கூடாது, அவ்வளவுதான். மடையான், முக்குளிப்பான், நாமக்கோழி, ஆள்காட்டி, வெண்மார்பு மீன்கொத்தி, செம்போத்து, கரிச்சான், பனங்காடை என்று பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் தாராளமாகத் தொடங்கலாம்.

இதில் குறை இல்லாமல் இல்லை. வேட்டங்குடியில் கிடைக்கிற பரவசம் ஊருணிக் கரையில் கிடைக்காது. சில காலை நாலு காகமும் ஒரு கொக்கும்தான். செயலி இளசுகளின் கையில் இருக்கிறது, பறவை தெரிந்த ஆடு மேய்க்கிற ஐயாவிடம் போன் இல்லை. இருவரையும் ஜோடி சேர்த்து அனுப்பினால் இரண்டும் சரியாகும், ஐயாவுக்குக் கூடு இருக்கிற மரமும் தெரியும். நான்கு நாள் மட்டும் எண்ணிவிட்டு விட்டால் பெரிய பயனில்லை, அதே கண்மாயை மாதம் ஒருமுறையாவது அதே கரையிலிருந்து பார்க்க வேண்டும். ஒன்றுமே இல்லாத மாதத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

பொங்கல் கணக்கெடுப்பு முடிந்து பத்து நாளுக்குள், ஜனவரி 26 அன்று கிராம சபை வருகிறது. பட்டியலை அங்கே கொண்டுபோய், கூடு இருந்த மரங்களைக் காட்டி, அவற்றை விட்டுவிட்டு மீதியை வெட்டத் தீர்மானம் கேளுங்கள். கண்மாய்க் கரையில் தீபாவளிக்கு வெடி வேண்டாம் என்று அதே தாளில் இன்னொரு வரி சேர்க்கலாம். காரைக்குடி மாநகராட்சிக்குள்ளும் நகராட்சி, பேரூராட்சிகளுக்குள்ளும் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது, வார்டு கவுன்சிலரிடம் மனுவாகக் கொடுக்கலாம். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.