சிம் இல்லாத இரண்டாவது போன்: மூன்று வருட அனுபவம்

இதை ஆரம்பிக்கக் காரணம் ஒரு ஷாப்பிங் செயலி. ஒரே ஒரு பொருள் வாங்குவதற்காக அதை நிறுவினேன். கான்டாக்ட்ஸைப் பார்க்க அனுமதி கேட்டது. அவசரத்தில் 'சரி' என்று அழுத்திவிட்டேன். சில நாள் கழித்து, நான் வெகுகாலமாகப் பேசாத ஒருவரின் பெயரைக் காட்டி, அவரும் இதே செயலியில் இருக்கிறார் என்றது. என் எண் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. என்னை நம்பி எண் கொடுத்த நானூறு பேரின் எண்களை, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேனே என்பதுதான் உறுத்தியது.

அந்தச் சமயத்தில்தான் புதுப் போன் வாங்கியிருந்தேன். பழையதை யாருக்கும் கொடுக்காமல், சிம்மைக் கழற்றி, முழுக்க ரீசெட் செய்து, வைஃபையில் மட்டும் இயங்கும் இரண்டாவது போனாக வைத்துக்கொண்டேன். பேசுவது, செய்தி அனுப்புவது, வங்கி எல்லாம் முதல் போனில். ஷாப்பிங், சமூக ஊடகம், வீடியோ, இன்னும் எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்கிற செயலிகள் எல்லாம் இரண்டாவதில். அதன் கான்டாக்ட்ஸ் பட்டியல் காலி. மூன்று வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. நடுவில் நிறையத் தவறுகள் செய்தேன், அவற்றையும் சொல்கிறேன்.

சிம்மை எடுத்தால் என்ன மாறுகிறது என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், இதில்தான் பலருக்குக் குழப்பம். சிம் உள்ள போன் எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் இருக்கிறது என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். நீங்கள் ஜிபிஎஸ்ஸை அணைத்தாலும் அது மாறாது. அழைப்பு உங்களைத் தேடி வர வேண்டுமென்றால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று நெட்வொர்க்குக்குத் தெரிந்தாக வேண்டும். சிம்மைக் கழற்றினால் இந்தப் பதிவு நிற்கிறது. ஆனால் போனுக்கென்று உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண் அப்படியே இருக்கும், உள்ளே உள்ள ரேடியோவும் விழித்துத்தான் இருக்கும். சில நாடுகளில் சிம் இல்லாத போனிலிருந்தும் அவசர அழைப்பு போவது அதனால்தான். எனவே சிம்மைக் கழற்றியதோடு நிற்காமல் ஏர்பிளேன் மோடையும் போட்டு, வைஃபையை மட்டும் தனியாக இயக்கி வைக்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம் போன் எண். வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் நம் தகவல்களை ஒன்றாகக் கோர்க்கிற நூல் அதுதான். கடையில் கொடுத்த எண், டாக்சிக்குக் கொடுத்த எண், விளையாட்டுச் செயலிக்குக் கொடுத்த எண் எல்லாம் ஒன்றே என்பதால், மூன்று பட்டியல்களையும் ஒரே ஆளின் பட்டியலாக்குவது மிகச் சுலபம். இரண்டாவது போனில் கணக்கு தொடங்கும்போது மின்னஞ்சல் மட்டும் கொடுக்கிறேன், அதுவும் அதற்கென்றே தனியாக வைத்திருக்கும் மின்னஞ்சல். எண் இல்லாமல் முடியாது என்று அடம்பிடிக்கிற செயலிகளில் முக்கால்வாசியை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். விட்டதில் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை.

சரி, தவறுகளுக்கு வருகிறேன். முதல் தவறு முதல் நாளே நடந்தது. ரீசெட் செய்த போனில் பழக்கதோஷத்தில் என் வழக்கமான கூகுள் கணக்கையே போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, நானூறு பெயர்களும் வந்து இறங்கிவிட்டன. கூடவே பிரவுசர் வரலாறும் பழைய செயலிகளின் பட்டியலும். மறுபடி ரீசெட். இந்த முறை புதுக் கணக்கு, மீட்பு எண் எதுவும் கொடுக்கவில்லை. முடிந்த செயலிகளை, திறந்த மூலச் செயலிகள் கிடைக்கும் எஃப்-டிராய்டிலிருந்து எடுத்துக்கொண்டேன், அதற்குக் கணக்கே தேவையில்லை. விளம்பரத்துக்காக நம்மை அடையாளம் காண உதவும் விளம்பர ஐடியை ஆண்ட்ராய்டு 12 முதல் அடியோடு நீக்க முடியும் என்பதால் அதையும் நீக்கினேன். இரண்டு போனிலும் ஒரே கணக்கு இருந்தால் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இல்லை. இதை மட்டும் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

இரண்டாவது, வீட்டு வைஃபை. இரண்டாவது போனில் ஒரு நாள் நாற்காலி தேடினேன், அன்று மாலையே முதல் போனில் நாற்காலி விளம்பரம். கணக்கு வேறு, மின்னஞ்சல் வேறு, அப்புறம் எப்படி? இரண்டும் ஒரே ரவுட்டர் வழியாக வெளியே போகின்றன, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டின் ஐபி முகவரியும் ஒன்று. ஒரே வீட்டுச் சாதனங்கள் என்று ஊகிக்க அது போதும். விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று அமைத்துப் பார்த்தேன், பயன் இல்லை. அது வீட்டுக்குள் சாதனங்களைப் பிரிக்குமே தவிர, வெளியே தெரியும் முகவரி அதேதான். கடைசியில் இரண்டாவது போனில் மட்டும் விபிஎன் போட்டேன். அது நம் இணையத் தொடர்பை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பி, வெளியே அந்த சர்வரின் முகவரியைக் காட்டும். அதிலும் ஒன்றை மறக்கக்கூடாது: இணையச் சேவை நிறுவனத்திடம் இருந்த நம்பிக்கையை எடுத்து விபிஎன் நிறுவனத்திடம் வைக்கிறோம், அவ்வளவுதான். யாரிடம் வைக்கிறோம் என்று நிதானமாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

வெளியே போகும்போது முதல் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து இதைப் பயன்படுத்தலாமே என்று கேட்பார்கள். சில மாதம் நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டும் ஒரே பையில் இருந்தால் முதல் போன் போகிற இடமெல்லாம் இரண்டாவதும் போகிறது. அதில் உள்ள செயலிகள் சுற்றியிருக்கும் வைஃபை பெயர்களை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். வைஃபை அணைந்திருந்தாலும் பின்னணியில் ஸ்கேன் செய்கிற ஒரு அமைப்பு லொகேஷன் பகுதிக்குள் இருக்கிறது, அதைத் தனியாகத் தேடித்தான் அணைக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்த பிறகு இரண்டாவது போனை வீட்டிலேயே வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். என் அனுபவத்தில் மிக அதிகப் பலன் கொடுத்தது இந்த முடிவுதான். என்னோடு வெளியே வருகிற போனில் துருவுகிற செயலி இல்லை, துருவுகிற செயலிகள் உள்ள போன் வீட்டை விட்டு வருவதில்லை. நான் எந்த மருத்துவரிடம் போகிறேன், யார் வீட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறேன் என்பது அந்தச் செயலிகளுக்குத் தெரிய வழியே இல்லை.

ஒரே ஒரு முறை பயணத்தில் வரைபடத்துக்காக எடுத்துப் போனேன். ஆர்கானிக் மேப்ஸில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தேன். ஜிபிஎஸ்ஸுக்கு சிம் தேவையில்லை, அது வானத்திலிருந்து வருவதைக் கேட்டுக்கொள்வது மட்டும்தான். ஆனால் இடம் காட்டச் சில நிமிடங்கள் ஆயின. சாதாரணமாக செயற்கைக்கோள் விவரங்களைப் போன் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது, இணையம் இல்லாதபோது செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாகப் பெற வேண்டும். முழு அட்டவணையும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். வெட்டவெளியில் கொஞ்சம் பொறுமையாக நின்றால் சரியாகிவிடும்.

எனக்கு நிஜமாகவே பயம் காட்டிய சம்பவம் ஓடிபியில் வந்தது. எண்ணையே வேறு சிம்முக்கு மாற்றிக்கொண்டு எஸ்எம்எஸ் ஓடிபியைத் திருடுகிறார்கள் என்பதால், முடிந்த இடங்களில், போனில் உள்ள ஒரு செயலியே உருவாக்கித் தரும், 30 வினாடிக்கு ஒருமுறை மாறுகிற குறியீட்டுக்கு மாறியிருந்தேன். அந்தச் செயலியை இரண்டாவது போனில் தனி யூசர் ஒன்றை உருவாக்கி அதில் வைத்தேன். முதல் போன் தொலைந்தாலும் கணக்குகள் தப்பும் என்பது கணக்கு. நடுவில் இரண்டு மாதம் இந்தப் போனைத் தொடவே இல்லை, அணைத்து அலமாரியில் வைத்திருந்தேன். ஒரு நாள் மின்னஞ்சலுக்குள் நுழைய அதை எடுத்து, வைஃபைகூடப் போடாமல் குறியீட்டைப் பார்த்து அடித்தேன். தவறு என்றது. அடுத்ததும் தவறு. அதற்கடுத்ததும். பூட்டிவிடுமோ என்று கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பிறகுதான் சுவர்க் கடிகாரத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தேன். போன் ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தது. அந்தக் குறியீடு நேரத்தை வைத்துத்தான் உருவாகிறது. சிம் உள்ள போன் கோபுரத்திடமிருந்தே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும், இதற்கு அந்த வழி இல்லை. வைஃபையில் இணைத்ததும் நேரம் சரியானது, குறியீடும் வேலை செய்தது. இப்போது வாரம் ஒருமுறையாவது இணைத்துவிடுகிறேன். பேக்கப் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

பேட்டரி விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். வீட்டிலேயே இருக்கும் போன் என்பதால் எப்போதும் சார்ஜரில் சொருகியே வைத்திருந்தேன். ஒன்றரை வருடத்தில் பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. உடனே அணைத்துவிட்டேன், அதற்குப் பிறகு அந்தப் போனைச் சார்ஜ் செய்யவே இல்லை. எப்படியும் அதற்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்று சில மாதங்கள் ஆகியிருந்தன. சந்தேகத்துக்குரிய செயலிகளை அப்டேட் இல்லாத போனில் ஓடவிடுவது நல்லதல்ல. அதனால் பயன்படுத்திய போன் ஒன்றை, இன்னும் பல வருடம் அப்டேட் வரும் என்று பார்த்து வாங்கினேன். கூகுளின் பிக்சல் 8 போன் முதல் ஏழு வருடம் என்று 2023-இல் அறிவித்தார்கள், அந்த மாதிரி வரிசைகளைத் தேடினால் போதும். புதியதில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைத்திருக்கிறேன்.

அன்றாடச் சிரமங்களில் சொல்லத் தகுந்தது, இரண்டுக்கும் நடுவே கோப்புகளை மாற்றுவது. லோக்கல்சென்ட் செயலியில் வீட்டு வைஃபை வழியாகவே மாற்றிக்கொள்கிறேன். சில வங்கிச் செயலிகள் சிம் உள்ள போனில்தான் இயங்கும், வாட்ஸாப்புக்கு எண் வேண்டும். அவற்றை இங்கே கொண்டுவர முயற்சியே செய்யவில்லை.

எல்லோருக்கும் இரண்டு போன் தேவையா என்றால், கான்டாக்ட்ஸை மட்டும் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இப்போது தேவையில்லை. ஐஓஎஸ் 18-இல் ஒரு செயலிக்குத் தேர்ந்தெடுத்த சில பெயர்களை மட்டும் காட்டலாம். ஆண்ட்ராய்டு 15-இல், செயலிகளைத் தனியாகப் பிரித்துப் பூட்டி வைக்க பிரைவேட் ஸ்பேஸ் இருக்கிறது. ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டு அந்தரங்கத்துக்காக உருவாக்கப்பட்ட கிராபீன்ஓஎஸ்ஸில் அனுமதி கொடுத்தது போலக் காட்டிவிட்டுக் காலிப் பட்டியலை நீட்டும் வசதியே உண்டு. ஆனால் இருப்பிடத்தைப் பொறுத்தவரை, செயலியை வீட்டில் விட்டுவிட்டுப் போவதற்கு ஈடான அமைப்பு எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

போன வாரம் தங்கை அவளுடைய பழைய போனைக் கொண்டுவந்து இதே மாதிரி செய்து கொடுக்கச் சொன்னாள். ரீசெட் செய்து, கணக்குக் கேட்ட இடத்தில் தவிர்த்துவிட்டு, ஏர்பிளேன் மோடு, வைஃபை, ஸ்கேன் அமைப்பு எல்லாம் முடிக்க அரை மணி நேரம் ஆனது. கையில் வாங்கியதும், "அம்மா நம்பரை மட்டுமாவது போட்டு வைக்கட்டுமா அண்ணா?" என்று கேட்டாள்.

"அது உன் இன்னொரு போன்ல இருக்கே. இதுல யாரும் வேண்டாம்மா" என்றேன்.