ஒளிரும் உருவப்படம் என்ற பெயரில் மங்கலை விற்கிறார்கள்: சுங்கை சிப்புட் வட்டாரத்தினர் கவனத்திற்கு

பெற்றோரின் மணிவிழாவை ஒட்டிச் சுங்கை சிப்புட்டில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த உருவப்படங்களைப் பற்றியது இப்பதிவு. விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குச் சென்றிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

விளம்பரத்தில் காட்டிய படங்கள் உண்மையிலேயே அழகானவை. முகத்தில் மெல்லொளி படர்ந்திருந்தும் இமை மயிர் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. 600 ரிங்கிட் பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். படம் எடுத்த அன்று, விளக்கின் ஒளியை மென்மையாக்கும் பெட்டி போன்ற திரையான சாஃப்ட்பாக்ஸ் மூலையில் உறை போட்டபடி நின்றது, பழுது என்றார்கள். கேமராவின் தலையில் செருகிய சிறு ஃபிளாஷை நேராக முகத்தில் அடித்து விரைவாக முடித்துவிட்டு, "மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கலாம், அங்கிள்" என்று அப்பாவிடம் சொன்னார் படம் பிடித்தவர்.

கம்ப்யூட்டரில் சரிசெய்ய முடியாதது முகத்தில் ஒளி விழுந்த விதத்தைத்தான். முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அவ்வளவு மென்மையாக ஒளி விழும்; அதனால்தான் பெரிய சாஃப்ட்பாக்ஸை முகத்துக்கு அருகே இழுத்து வைக்கிறார்கள், அல்லது மெல்லிய திரை போட்ட சன்னலோரம் உட்காரவைக்கிறார்கள். சிறு ஃபிளாஷில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். வியர்த்த நெற்றியில் வெள்ளைத் திட்டு எரியும். முற்றிலும் வெள்ளையாக எரிந்த இடத்தில் தோலின் விவரமே பதிவாவதில்லை, பிறகு எதை மீட்பது?

எடுத்த படத்தில் மெல்லொளி படர்ந்ததுபோன்ற ஒளிர்வைச் சேர்ப்பது தனி வேலை. ஃபிலிம் காலத்தில், 1980களில், கனடாவின் புகைப்படக் கலைஞர் மைக்கேல் ஓர்ட்டன் கூர்மையான ஸ்லைடு (ஒளி ஊடுருவும் ஃபிலிம் படம்) ஒன்றையும் மங்கலான ஸ்லைடு ஒன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து இதைச் செய்தார். இன்று ஃபோட்டோஷாப்பில் படத்தைப் பிரதியெடுத்து, காஸியன் பிளர் கொடுத்து மங்கலாக்கி, வெளிச்சத்தைக் கூட்டும் ஸ்கிரீன் முறையில் மேலே வைத்து, அதன் அடர்த்தியைக் குறைத்து, கண், உதடு, கூந்தல் ஆகியவற்றை மாஸ்க் போட்டு மறைத்து, மங்காமல் காப்பாற்றுவார்கள். பொறுமை தேவைப்படும் அந்தக் கடைசிப் படியை இவர்கள் விட்டுவிட்டார்கள். அம்மாவின் மூக்குத்தி வெளிச்சக் கறையாகிவிட்டது. சேலையின் சரிகைக் கரை பின்சுவரோடு கலந்துவிட்டது. அதைவிட மோசம், பால்மரம் சீவி, செம்பனைத் தோட்டத்திலும் உழைத்த அம்மாவின் மாநிற முகத்தை யாரும் கேட்காமலே வெளுத்திருந்தார்கள். கழுத்தும் கைகளும் மட்டும் அவருடைய சொந்த நிறத்தில் இருந்தன. நிறத்தை வெளுப்பதை 'டச்சப்' கணக்கில் சேர்ப்பது சில ஸ்டுடியோக்களின் பழைய வியாதி.

விளம்பரப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்மணிகளில் சாஃப்ட்பாக்ஸின் அகன்ற சதுர ஒளி பிரதிபலித்தது. எங்கள் படங்களில் சிறு ஃபிளாஷின் ஊசிமுனைப் புள்ளிதான். அதைக் காட்டிக் கேட்டதும், அவை வேறிடத்தில் எடுத்த மாதிரிப் படங்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். முன்பணம் கொடுக்கும் முன், அதே அறையில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கி, கண்மணியைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்ததோடு, கேமராவில் பதிவான மூலக் கோப்புகளான ரா கோப்புகள் 'கம்பெனி சொத்து' என்று சொல்லி, புலனத்தில் சுருங்கிய படங்களை மட்டும் அனுப்பினார்கள். ரா கோப்பு இல்லாமல் வேறொருவர் அவற்றைத் திருத்துவது கடினம். நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். எங்கள் ரசீதில் 'போட்டோ பேக்கேஜ்' என்று மட்டுமே எழுதியிருந்ததால், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் மனுவோடு இணைத்திருக்கிறேன். சாஃப்ட்பாக்ஸ் வெளிச்சம், ரா கோப்பு, நிறத்தை மாற்றக்கூடாது என்பது ஆகிய மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.