யாத் வஷேம் பெயர்த் தேடல்: காசு வேண்டாம், பொறுமை வேண்டும்

நாஜிகள் கொன்ற யூதர்களின் பெயர்த் தொகுப்பை ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகம் 2004 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தோழியின் பாட்டி குடும்பத்தைத் தேடி உட்கார்ந்தோம் (அதற்கு முன் வேறொரு தளத்தில் சந்தா கட்டி ஏமாந்தது தனிக்கதை). ஊர்ப் பெயரே முதல் தலைவலி, லெம்பெர்க், லுவோவ், லிவீவ் மூன்றும் இன்றைய உக்ரைனில் உள்ள ஒரே ஊர்தான். நல்லவேளை, எழுத்து கொஞ்சம் மாறினாலும் தேடல் பிடித்துவிடுகிறது. அப்புறம் வந்தது சாட்சியப் பக்கம்: கொல்லப்பட்டவரைப் பற்றி உறவினர் கைப்பட நிரப்பிய படிவம், தொழில் என்ற இடத்தில் 'தையல்காரர்', மூலையில் மங்கலாக ஒரு படம். தோழி வெகுநேரம் பேசவில்லை. ஒன்று சொல்கிறேன், படிவத்தின் அடியில் எழுதிக் கொடுத்தவர் பெயரையும் உறவையும் கட்டாயம் பாருங்கள், குடும்பத்தில் உயிர் பிழைத்த கிளை அங்கேதான் சிக்கும். எங்களுக்குச் சிக்கியது, இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த ஒரு சித்தி மகன்.